ஏழடிக் குழாய்

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "உங்க அனுபவமா இருக்கட்டும் ஐயா, படிக்கிறவங்களுக்குப் பயனாகவும் இருக்கட்டும்" என்றார்கள். இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வந்த மோட்டார் சைக்கிளில் சைலன்சர் இல்லை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"வேகத்துக்குத்தான் ஐயா."

"கூடியதா? அளந்து பார்த்தீர்களா?"

"அளக்கணுமாக்கும்? சத்தத்துலயே தெரியுதுல்ல."

ஆகவே இந்தக் கட்டுரை புகைக்குழாயைப் பற்றியது.

பள்ளி இறுதி வகுப்பு தேறியபின் சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மோட்டார் பட்டறையில் நான்கு வருடம் தொழில் பழகினேன். முதல் வருடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடம், முதல் வருடத்தில் பிடித்த விதம் தவறு என்று கற்றுக்கொடுத்தார்கள். மற்ற இரண்டு வருடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய முறைவரிசையை மனப்பாடம் செய்தேன். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைக் கழற்றும் வரிசையைப் பிசகாமல் சொல்வேன். யாரும் எழுப்புவதில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுப் பட்டறைக்கு இரண்டாவது பிட்டராக வந்து சேர்ந்தேன். அந்த வீட்டில் பதினொரு மோட்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைமுகத்தில் வாங்கியது. ஒன்றின் மரை இன்னொன்றுக்குச் சேராது. அவற்றைக் கவனிக்க வீட்டின் பின்கட்டைத் தாண்டி ஒரு கொட்டகை, அதில் நாங்கள் ஒன்பது பேர். தலைவர் மரியசூசை மேஸ்திரி. திருச்சிப் பக்கத்து மனிதர், அறுபதை நெருங்கியவர், இளமையில் ரயில் பட்டறையில் கொதிகலன் வேலை பார்த்தவர்.

மேஸ்திரி யாரையும் திட்டிக் கேட்டதில்லை. எந்த வண்டி வந்தாலும் மூன்று கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பார்: "என்ன கேக்குது? என்ன மணக்குது? எப்பயிருந்து?" மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே மூடியைத் திறக்க விடுவார். திறந்தபின் இரண்டாவது விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், இரண்டையும் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக மீண்டும் மாற்றச் சொல்வார். சரியான வண்டியைக் கெடுத்துத் திருத்தும் வேலை இது என்று முதல் மாதம் நினைத்தேன். வேலை மோசமாக இருந்தால், செய்தவன் கண்ணெதிரே தாமே அதைக் கழற்றி, உருப்படிகளை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். திட்டு வாங்கிய இடங்களில் நான் திருந்தியதில்லை. அந்தத் துணியின் முன்னால் திருந்தியிருக்கிறேன்.

முதலாளியின் மகன் லெட்சுமணன், எங்களுக்குச் சின்ன முதலாளி, பினாங்கிலிருந்து ஒரு பந்தய மோட்டாரைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் உட்காரலாம், நான்கு சிலிண்டர், கூரை கிடையாது. நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையிடம் ஆறு சிலிண்டர் வண்டி ஒன்று இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள்.

"என்ன லெட்சுமணா, ஒங்க வண்டி கொக்கரிக்கிற சத்தம் எங்க ஊரு வரைக்கும் கேக்குது" என்றாராம் நாச்சியாபுரத்துக்காரர். "முட்டையைத்தான் காணோம்."

பாயசம் வருவதற்குள் பந்தயம் முடிவாகிவிட்டது. ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் ஒன்றரை மைல் போய், ஒரு கொடிக்கம்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரு மாத அவகாசம்.

இது அவர்கள் இருவரோடு போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. அந்தச் சமயம் பார்த்து, சென்னையில் ஒரு மோட்டார் கம்பெனி பதினொரு வண்டிகளையும் தானே பராமரிப்பதாகப் பெரிய முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மகன் அந்த யோசனையை முடித்துவைத்தார்: "அப்பச்சி, நம்ம பட்டறை கை வச்ச வண்டி செயிச்சா பட்டறை இருக்கட்டும். தோத்தா, பட்டணத்துக் கம்பெனிக்கே விட்டுருவோம்."

பெரியவர் சரி என்றார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை; தெரிவித்தார்கள். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மேஸ்திரிக்கு அந்த வயதில் வேறெங்கும் வேலை கிடைக்காது. மற்ற ஏழு பேரும் அன்று மாலை சீக்கிரமே கைகழுவிப் போனார்கள்.

மறுநாள் காலை சின்ன முதலாளி சைலன்சரைத் தம் கையாலேயே கழற்றிவிட்டு வந்து நின்றார். வண்டியைக் கிளப்பியதும் வீட்டுப் புறாக்கள் எல்லாம் எழுந்து போயின.

"எப்புடி மேஸ்திரி, பறக்குமா?"

"புறா பறந்துச்சுங்க" என்றார் மேஸ்திரி. "வண்டியைப் பார்ப்போம்."

பொட்டலில் ஒரு மைலுக்குக் கல் நட்டு, இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, நான் கடிகாரம் பிடித்தேன். சைலன்சரோடு மூன்று ஓட்டம், இல்லாமல் மூன்று ஓட்டம். சைலன்சர் இல்லாமல் ஓடியபோது ஒரு விநாடி அதிகம் பிடித்தது. சின்ன முதலாளி கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். மேஸ்திரி பிளக்குகளைக் கழற்றினார். சரியாக எரியும் இஞ்சினில் பிளக்கின் முனை பால் கூடிய காப்பி நிறத்தில் இருக்கும். இவை சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. புகை போகும் வழி மாறினால் உள்ளே வரும் காற்றின் அளவும் மாறும். பெட்ரோலை அதற்கேற்பக் கூட்டாவிட்டால் இஞ்சின் பட்டினியோடு ஓடும். கார்புரேட்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட்டைப் பெரிதாகப் போட்டோம். போன ஒரு விநாடி திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"கோயில்ல ஆர்கன் பார்த்திருக்கீங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்டார் மேஸ்திரி. அவர் கோயில் என்றால் மாதா கோயில். "நீளக் குழாய்க்கு ஒரு சுதி, குட்டைக் குழாய்க்கு ஒரு சுதி. எல்லாரும் இதை அடுப்புப் புகைபோக்கின்னு நினைக்கிறாங்க. இது ஊதுற குழாய்."

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். வெளிவால்வு திறக்கும்போது எரிந்த புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. அந்த அலை திறந்த முனையை எட்டியதும் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஓர் இழுப்பாக மாறி, வந்த வழியே வால்வுக்குத் திரும்புகிறது. வால்வு மூடப்போகும் நேரத்தில் அந்த இழுப்பு வந்து சேர்ந்தால், தங்கியிருக்கும் மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்கும். புதுக் காற்று தானாக உள்ளே இறங்கும். முன்னாலோ பின்னாலோ வந்தால் பயனில்லை. சில சமயம் கெடுதல். குழாய் நீண்டால் இழுப்பு தாமதமாக வரும், அது மெதுவாகச் சுற்றும் இஞ்சினுக்கு ஒத்துவரும். குழாய் குறைந்தால் சீக்கிரம் வரும், வேகமாகச் சுற்றும் இஞ்சினுக்கு ஒத்துவரும். எந்த வேகத்தில் பலம் வேண்டுமோ அதற்கு ஒரு நீளம்தான். இதில் சத்தம் எங்குமே வரவில்லை என்பதைச் சங்கத்து நண்பர்கள் கவனிக்கவும்.

அந்த வண்டியில் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே வார்ப்புப் பெட்டியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று நான்கு வரிசையையும் ஒரே வாசல் வழியாக வெளியே விட்டால் எப்படியோ அப்படி. பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சிலிண்டருக்கு ஒரு குழாயாக நான்கு தனிக் குழாய்கள் வைத்தோம். ஒவ்வொன்றின் முனையிலும் சற்றே பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இழுத்து நீட்டவும் தள்ளிக் குறைக்கவும் வசதி செய்தோம். எல்லாம் கம்பியும் பட்டையுமாகப் பக்கவாட்டில் கட்டித் தொங்கின. இரண்டு அங்குலம் குறைப்போம், மூன்று ஓட்டம், பிளக்கைப் பார்ப்போம், எழுதுவோம். மறுபடி இரண்டு அங்குலம். பதினாறு நாள் இதே வேலை. சின்ன முதலாளிக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டது. ஆனால் ஓட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

ஏழு அடியில் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. உச்ச வேகத்தில் யாரோ பின்னாலிருந்து கைவைத்துத் தள்ளுவது போல இருக்கிறது என்றார் சின்ன முதலாளி. ஒரு மைலில் ஆறு விநாடி குறைந்திருந்தது. ஏழடி இரண்டு அங்குலத்தில் மந்தம். ஆறடி பத்து அங்குலத்தில் மந்தம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏழு.

பந்தயத்துக்கு உறுதியான குழாய்கள் வேண்டும். ஆத்தங்குடியில் சிவலிங்க ஆசாரி இருந்தார். தரைக்குப் போடும் பூக்கல்லுக்கு உலோக அச்சு செய்பவர். அவர் அச்சில் ஒரு இதழ் நூலளவு பிசகினால் தரை முழுக்கப் பிசகும், பிசகியதில்லை. நான் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசாரி வெகுநேரம் பார்த்தார்.

"ஏழா?"

"ஏழு. நாலும் ஒரே அளவு."

"சரி."

எங்கள் பக்கத்தில் 'சரி' என்பது சம்மதம் அல்ல. காதில் விழுந்தது என்பதற்கு அடையாளம். சென்னையில் நான்கு வருடம் இருந்ததில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

குழாயை வளைக்க ஆசாரி கையாண்ட முறையைக் குறை சொல்ல முடியாது. மணலை வறுத்து ஈரம் போக்கி, குழாயில் கொட்டி, தட்டித் தட்டி இறுக்கி, இருபுறமும் மரக்கட்டை அடைத்து, கரியடுப்பில் செம்பழமாகக் காய்ச்சி, அவசரமில்லாமல் வளைத்திருந்தார். உள்ளே ஒரு மடிப்பு இல்லை. மடிப்பு இருந்தால் புகை அதில் இடறும். குழாய்கள் வந்ததும் என் பட்டியலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தகட்டுப் பருமன், துளைகளின் வட்டம், கேஸ்கட் ஓரம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா, மணல் மிச்சம் இருக்கிறதா எல்லாம் பார்த்தேன். நீளத்துக்கு நான்கையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. 'அளவு சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சோதனைக் குழாய்கள் ஒரு வழியாகப் போயின. இவை வேறு வழியாக வளைந்து சக்கரத்தைத் தாண்டின. நான்கும் சம நீளம் ஆதலால் முனைகள் முன்னும் பின்னுமாக நின்றன. கண்ணுக்கு ஒப்பிட ஒன்றுமில்லை. "வரிசையா வெட்டிரலாமே, பார்க்க லட்சணமா இருக்கும்ல?" என்றார் சின்ன முதலாளி. மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே நின்றது.

பந்தயம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தோம். நடுவேகத்தில் முன்பைவிட நன்றாக இழுத்தது. உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஆள் மூச்சடைத்தது போல நின்றுவிட்டது. ஆறு விநாடியில் நான்கு காணவில்லை.

"என்ன கேக்குது?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணும் கேக்கலை. முக்குது" என்றார் சின்ன முதலாளி.

"என்ன மணக்குது?"

"மேஸ்திரி, நாளு கம்மியா இருக்கு. எப்பயிருந்துன்னும் கேட்டுராதீக, காலையிலருந்து!"

மேஸ்திரி தலையாட்டிவிட்டு ஜெட்டிலிருந்து தொடங்கினார். ஜெட்டை மாற்றினோம், ஓட்டம், பழைய ஜெட். மேக்னெட்டோவை இரண்டு பாகை முன்னால் வைத்தோம், ஓட்டம், பழையபடி. வால்வு இடைவெளி. பெட்ரோல் வரும் குழாய். ஒரு நேரத்தில் ஒன்று. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மற்ற ஏழு பேரும் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உதவவில்லை, யாரும் போகவுமில்லை. அவர்களில் ஒருவர் மெதுவாக, "பட்டணத்துக் கம்பெனியில நம்மள எடுப்பாகளா?" என்று கேட்டார். பதில் எல்லாருக்கும் தெரியும்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஏழடிக்கு அப்புறம் நாம மாத்துனது ஒண்ணே ஒண்ணு. குழாய்."

"அளவு சரி, மேஸ்திரி. எழுதியிருக்கேன்."

"அளந்தீங்களா?"

"நாலும் ஒண்ணு போல இருக்கு."

"நான் அதைக் கேக்கலை."

நாடாவை எடுத்து வளைவை ஒட்டிப் பிடித்தேன். எட்டு அடி. இரண்டாவதும் எட்டு. மூன்றாவதை அளக்கத் தேவையில்லை என்றாலும் அளந்தேன்; முறைவரிசை அப்படி. நான்கு குழாய்களும் ஒரே அளவுக்கு, நூலளவு பிசகாமல், ஓரடி தவறாக இருந்தன. மேஸ்திரி நான்கையும் தாமே கழற்றினார். வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். அன்று டீ குடிக்கப் போகவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் ஆத்தங்குடிக்குப் போனேன்.

"ஏழு ஆகாதுல்ல தம்பி" என்றார் ஆசாரி, எனக்கு ஏதோ விளங்கவில்லை என்று பரிதாபப்படுகிறவர் போல. "மனையடி சாத்திரத்துல ஏழடி போட்டா தரித்திரம்ல. எட்டு, மிகுந்த பாக்கியம். வீட்டுக்கே ஆகாதது ஓடுற வண்டிக்கு ஆகுமா? என் தகட்டுல ஓரடி சேத்துப் போட்டுருக்கேன். அதுக்குக் கூலி கேட்டேனா?"

"முன்னமே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஒத்துக்கிருவீகளா?"

"மாட்டோம்."

"அதான் சொல்லலை."

ஏழடிக்கு வெட்டித் தரச் சொன்னேன். பெரிய முதலாளி உத்தரவில்லாமல் அந்த வீட்டுக்கு ஏழில் ஒன்றைச் செய்துகொடுத்த பாவம் தமக்கு வேண்டாம் என்று சொல்லி, இரும்பு ரம்பமும் அரமும் எடுத்துக்கொண்டு என்னோடு காரைக்குடிக்கே வந்துவிட்டார். பெரிய முதலாளி அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. விஷயத்தைக் கேட்டார்.

"ஏழா? ஆகாது."

"அப்பச்சி, இது வீடு இல்லை. மோட்டாரு" என்றார் மகன்.

"வீட்டு வாசல்லருந்துதானப்பா கெளம்புது?"

நான் அலைகளின் நேரக் கணக்கை விளக்கத் தொடங்கினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி நல்லாப் படிச்சிருக்கீக" என்றார். அத்தோடு என் பங்கு முடிந்தது. ஏழடி இல்லையென்றால் நாளைக்குத் தோற்போம் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஏழடிக் குழாய் அந்த வாசலைத் தாண்டாது என்பதும் தெரியும்.

மேஸ்திரி ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஒரு சந்தேகங்க. மனைக்கு நீளம் எங்கேயிருந்து அளப்பீங்க? சுவரைச் சேத்தா, விட்டா?"

"சுவரை விட்டுத்தான். உள்ளளவு."

"அப்ப சுவரு?"

"அது கணக்குல வராது. சுவரு சுவருதான்."

"இஞ்சினை ஒட்டி ஓரடிக்கு ஒரு துண்டு வைக்கிறோம்ங்க. அது இஞ்சினுக்குச் சுவரு மாதிரி. இஞ்சினைச் சேந்தது. அதைத் தாண்டித்தான் குழாய் ஆரம்பிக்குது. குழாய் ஆறடி."

பெரியவர் ஆசாரியைப் பார்த்தார்.

"ஆறு எப்புடி?"

ஆசாரி நேர்மையானவர். "எட்டு மாதிரி வராது. ஆனா ஆறுல குத்தமில்லை" என்றார்.

பெரியவர் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தார். அவர் சிரித்ததாகச் சொல்ல முடியாது. "மேஸ்திரி, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

ஆசாரி எங்கள் கொட்டகையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குழாயிலும் ஓரடியை வெட்டிச் சுவராக்கினார். இன்னோர் அடியை வெட்டி நீக்கினார். அது அவர் தகடு, அவரே எடுத்துக்கொண்டார். ஒட்டும் இடத்தில் உள்ளே விளிம்பு நின்றால் செய்ததெல்லாம் வீண். மேஸ்திரி ஒவ்வொரு ஒட்டிலும் சுண்டுவிரலை விட்டுச் சுற்றிப் பார்த்து, மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஆசாரி மறுபடி அராவினார். பொழுது சாய்வதற்குள் பூட்டினோம். நாடாவை நான் பிடித்தேன். ஓரடியும் ஆறடியும். இந்தத் தடவை நான்கையும் தனித்தனியாக அளந்தேன்.

ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

வியாழக்கிழமை காலை பொட்டலில் திருவிழாக் கூட்டம். ஆறு சிலிண்டர் வண்டி புறப்பாட்டிலேயே முந்தியது. கனத்த இஞ்சின், கீழ்வேகத்தில் எங்களுடையதைவிட வலு. கொடிக்கம்பைச் சுற்றும்போது அது ஐந்து வண்டி நீளம் முன்னால் இருந்தது. அப்புறம் புழுதிதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நேர்பாதையில் பாதி வந்ததும் புழுதிக்குள்ளிருந்து எங்கள் இஞ்சினின் குரல் ஏறியது. மூச்சடைக்கும் இடத்தைத் தொட்டது. நிற்காமல் தாண்டி மேலே போனது.

"வந்துருச்சு" என்றார் மேஸ்திரி. வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு வண்டி நீளத்தில் ஜெயித்தோம். சென்னைக் கம்பெனிக்கு, இப்போதைக்குத் தேவையில்லை என்று கடிதம் போயிற்று. ஒன்பது பேரும் அவரவர் இடத்தில் இருந்தோம். ஜெயித்ததற்குக் காரணம் ஆறடி ராசி என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். ஆசாரி மட்டும், எட்டாக இருந்திருந்தால் இன்னும் முந்தியிருக்கும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தே நாளில் நாச்சியாபுரத்து வண்டி எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றது. சொந்தக்காரரே ஓட்டி வந்திருந்தார்.

"மேஸ்திரி, எங்களுக்கும் அந்த ஆறடிக் குழாயைப் போட்டுக் குடுங்க. ஆறடி, பிசகக் கூடாது. ஆசாரியை வச்சு அளந்து பார்ப்போம்."

ஒரு வாரம் அதைப் பொட்டலில் ஓட்டினேன். இரண்டு அங்குலம், மூன்று ஓட்டம், பிளக். மெதுவாகச் சுற்றும் கனத்த இஞ்சின். ஆறடியில் அதற்கு ஒரு பயனும் இல்லை. கணக்கை எழுதி மேஸ்திரியிடம் நீட்டினேன்.

"எவ்வளவு கேக்குது?"

"எட்டேகால் அடி."

மேஸ்திரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சுவரு ரெண்டேகால் அடி, தம்பி. பெரிய வீடு."